காப்புக் கட்டிய கை

சிம்பாங் அம்பாட் எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனேன். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. பால்குடம் எடுத்து முடிக்கும் வரை அதை அவிழ்க்கக் கூடாது. நான் வேலை செய்வது ஓர் எலெக்ட்ரானிக் தொழிற்சாலையின் கிளீன் ரூமில். அங்கே நூல், நகை, முகப்பவுடர் எதற்கும் இடமில்லை. ஒரு பிசிறு விழுந்தாலும் சரக்கு கெட்டுவிடும். வாசலிலேயே நிறுத்தி ஆபீசுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. லீவு போடலாம் என்றால், மகள் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே எல்லா லீவும் கரைந்து போயிருந்தது.

ஆபீசர் மலாய்க்காரர், தன்மையான மனிதர். விதிப் புத்தகத்தைப் புரட்டினார். மதக் கடமை என்றால் வேறு பிரிவில் வேலை கொடுக்கலாம் என்று இருந்தது. எது மதக் கடமை என்று மட்டும் எழுதவில்லை.

"இந்துக்கள் எல்லாரும் இதைக் கட்டணுமா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. இல்லை என்றேன். பக்கத்து மேசையில் கணக்கெழுதும் தமிழ்க் கிராணியையும் கேட்டார். அவர் நெளிந்தார்.

"எங்க வீட்ல யாரும் கட்டுனதில்ல லா அக்கா. நான் என்ன சொல்றது?"

"அப்போ இது உங்க சொந்த விருப்பம்," என்றார் ஆபீசர்.

கயிற்றை அவிழ்த்தால் உள்ளே போகலாம். இல்லையென்றால் வேலையை விட்டுவிட வேண்டியதுதான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அம்மனுக்குக் கொடுத்த வாக்கு சொந்த விருப்பமாம், புடவைக்கு நிறம் பார்த்து எடுத்த மாதிரி! வாயைத் திறந்தால் கத்திவிடுவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஆளைக் காணோமே என்று எங்கள் லைன் சூப்பர்வைசர் தேடி வந்தார். அவரும் மலாய்க்காரர், எங்கள் எல்லோருக்கும் 'காக்', அதாவது அக்கா. கயிற்றைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

"இனி நசார் கா?"

மலாயில் நசார் என்றால் நேர்த்திக்கடன்; இது நேர்த்திக்கடனா என்கிறார். ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் ஆபீசர் பக்கம் திரும்பினார்.

"நம்ம மதத்திலயும் அப்படித்தானே, என்சிக்? எல்லாருக்கும் கடமை இல்ல. நேர்ந்துகிட்டவங்களுக்கு அது கடமை."

ஆபீசர் விதிப் புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு சிரித்துவிட்டார். "இதை முதல்லயே சொல்லக் கூடாதா?" என்று என்னைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார். அந்த ஓர் உதவிக்காகவே ஆபீசருக்கும் காக்குக்கும் சாகும்வரை நன்றியோடு இருப்பேன்.

படியிறங்கும்போது காக் கேட்டார், "யாருக்காக நேர்ந்துகிட்ட?"

காலையிலிருந்து யாரும் கேட்காத கேள்வி. மகளுக்கு இருதயத்தில் ஓட்டை இருந்தது, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று சொல்வதற்குள் அழுதுவிட்டேன்.

பால்குடத்தன்று அவரே நாங்கள் குடியிருக்கும் பாச்சாங்கிற்கு வந்து எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டார். கோயிலுக்குள் வரவில்லை, எஸ்டேட் செம்பனை மர நிழலில் ஒதுங்கி நின்றார். மேளச் சத்தத்துக்கு மிரண்ட மகள் அவரிடமே ஒட்டிக்கொண்டாள். குடத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அம்மனிடம் கேட்டு வாங்கிய என் பிள்ளை காக்கின் தோளில் வாயைத் திறந்தபடி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.