தலைமாட்டில் ஏற்றிய பத்தி

முதலில் மலம் சிவப்பாகப் போனது. முந்தின நாள் பக்கத்து வீட்டார் கொடுத்த டிராகன் பழத்தில் இரண்டை என் மனைவி பாக்கியம் தின்றிருந்தாள். அந்தப் பழம் தின்றால் யாருக்கும் அப்படித்தான் போகும். பழம்தான் என்று இரண்டு மாதம் இருந்துவிட்டோம். பழம் தீர்ந்து எத்தனையோ நாளாகியும் சிவப்பு நிற்கவில்லை.

பெருங்குடலின் கடைசியில் புற்று. அறுத்து எடுத்துவிட்டு, இடது வயிற்றில் ஸ்டோமா (குடலை வெளியே எடுத்துத் தைத்த வாய்) வைத்தார்கள். மலம் அதன் வழியாக, மேலே ஒட்டிய பையில் விழும். இனி ஆயுசுக்கும் அப்படித்தான். பையைக் கழுவ மிஸி (நர்ஸ்) எனக்கும் சொல்லிக்கொடுத்தார்.

இதே நிலையில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன், மகள் எழுதுகிறாள். அருவருப்பு வரும். எனக்கு வந்தது. பெண்டாட்டி மேல் உயிராக இருந்தவன்தான் நான். மலேசியாவில், குவாலா சிலாங்கூர் ரப்பர் தோட்டத்தில் கல்யாணமான புதிதில், அவள் கடித்த கொய்யாவைப் பிடுங்கித் தின்பேன். அந்த மரம் மண்டோர் (தோட்டத்துக் கங்காணி) வீட்டு மரம், அவருக்குத் தெரியாமல்தான் பறிப்போம். அது கிடக்கட்டும். அதே ஆள்தான், முதல் தடவை பையைத் திறந்துவிட்டுப் பின்வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தேன்.

புக்கிட் பெருந்துங்கில் எங்களுடையது சின்ன வீடு. நாற்றம் நின்றுவிடும். அதனால் காலையும் மாலையும் அவள் தலைமாட்டில் ஊதுபத்தி ஏற்றினேன். அவள் சோற்றை மட்டும் குறைத்துக்கொண்டே வந்தாள்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள். டாக்டரம்மா தமிழ்ப் பெண்.

"ஆறு கிலோ கொறஞ்சிட்டீங்க பாட்டி. இப்படிப் போனா கீமோ (மிச்சப் புற்றை அழிக்கும் மருந்து) ஏத்த முடியாது. அப்புறம் திரும்ப வந்துடும். ஏன் சாப்பிட மாட்றீங்க?"

"சாப்பிட்டா பை ரொம்பும் லா. இவரு மூஞ்சியப் பார்க்க முடியல. தலமாட்டுல பத்தி வேற. பொணத்துக்குத்தானே டாக்டர் அப்படி ஏத்துவாங்க? நான் இன்னும் சாவல."

வீட்டுக்கு வந்ததும் பத்தியையெல்லாம் குப்பையில் போட்டேன்.

"நாறுதுதான். பொய் சொல்ல மாட்டேன்," என்றேன்.

"நாறட்டும். முப்பது வருசம் ஒட்டுப்பால் மூட்ட தூக்கிட்டு வந்தீங்களே, செத்த எலி மாதிரி. நான் பக்கத்துலதான் படுத்தேன். பத்தியா ஏத்துனேன்?"

உறைந்த ரப்பர் பாலின் நாற்றம் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

"ஒரு நாளும் சொல்லலியே?"

"எங்க சொல்றது? பாதிச் சோத்துலயே தூங்கிருவீங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். தட்டைக் கொண்டு வரச் சொன்னாள்.

முப்பது வருடமாக அவள் மூச்சை அடக்கிக்கொண்டு படுத்தது எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது. என் அருவருப்பு இன்னும் போகவில்லை. போகும் என்று யாருக்கும் சொல்லமாட்டேன். ஆனால் இப்போதெல்லாம் அவள் சாப்பிட்டது செரித்து வருகிறதா என்று பையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நேற்று மத்தியானம் வரை அது தட்டையாகவே கிடந்தது. மூன்று தடவை தொட்டுப் பார்த்தேன்.

"அவசரமா உங்களுக்கு?" என்றாள்.

நாலு மணி வாக்கில் வெதுவெதுப்பாக உப்பியது. குமட்டிக்கொண்டேதான் கொட்டினேன். கையைக் கழுவிவிட்டு வந்து, இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்று கேட்டேன்.