ராஜத்தின் விரல்களும் ஒரு சீசா ஆட்டு ரத்தமும்

சாவு வீட்டுக்கு அடுத்தபடியாக, 'போய்ட்டு வரேன்' என்று யாரும் சொல்லாமல் கிளம்புகிற இடம் ரத்தப் பரிசோதனைக்கூடம்தான். அறுபதுகளில் பம்பாய் மாட்டுங்காவில் அப்படி ஒரு கூடத்தில் நான் டெக்னீஷியன். விரல் நுனியைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கும். ஊசியின் இந்தப் பக்கம் நின்றவன் பட்டதையும் கொஞ்சம் கேளுங்கள். பல கேஸ் வேண்டாம், ஒன்று போதும்.

கலப்படம்

ராஜம் ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டெனோ. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. பதினொரு மணிக்குமேல்தான் டைப்ரைட்டருக்கு இணங்கும். வலது முழங்காலும் வீங்கியிருந்தது. வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் அடுத்த மாதம் கம்பெனி டாக்டர் 'ஃபிட்' என்று கையெழுத்துப் போட வேண்டும். அப்பாவுக்கு ரிடையராகிவிட்டது; அந்த வீடு அவளுடைய பத்து விரலில் நடந்துகொண்டிருந்தது.

எங்கள் டாக்டர் எழுதிக்கொடுத்த சோதனைக்குச் செம்மறியாட்டின் சிவப்பணுக்கள் வேண்டும். அவற்றை முயலின் சீரத்தில் ஊறவைத்து, பிறகு நோயாளியின் சீரத்தோடு சேர்ப்போம். சீரம் என்பது ரத்தம் உறைந்தபின் தெளிந்து நிற்கும் நீர். மூட்டுவாதம் இருந்தால் பெரும்பாலும் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். ராஜத்தின் அம்மா விவரம் கேட்டபோது நான் ஆட்டோடு நிறுத்தியிருக்கலாம். முழுமை கருதி முயலையும் சொன்னேன். அந்த அம்மாள் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். கலந்த ரத்தம் திரும்ப உடம்புக்குள் போகாது, சாக்கடைக்குத்தான் போகும் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அதற்குள் ராஜம் கையை நீட்டிவிட்டாள். நான் ஊசியைச் செருகும்போது அம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"ஆட்டு ரத்தத்தோட சேர்ந்தா எந்த ரத்தமும் கெட்டுத்தான் போகும். அதைப் பாத்து நீங்க புதுசா என்ன தெரிஞ்சுக்கப் போறேள்?"

மரியாதை

எங்களுக்கு ஆட்டு ரத்தம் தருபவர் தாராவியில் கறிக்கடை வைத்திருந்த காதர் பாய். திருநெல்வேலிக்காரர். நாங்கள் கொடுக்கும் உப்புக் கரைசல் சீசாவில் ரத்தம் பிடித்து அனுப்புவார்.

ராஜத்தின் சீரம் இருந்த குழாயில் அணுக்கள் திரளவே இல்லை. அவள் பெஞ்சில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'ஒன்றுமில்லை, போ' என்று வாய்வரை வந்துவிட்டது. டாக்டர் பக்கத்துக் குழாயைக் காட்டினார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, நோய் உறுதியான ஒருவரின் சீரத்தை அதில் வைத்திருந்தோம். அதுவும் திரளவில்லை; அப்படியென்றால் தப்பு ஆட்டு ரத்தத்தில்தான். அவளை மறுநாள் வரச்சொல்லிவிட்டு நான் தாராவிக்குப் போனேன்.

காதர் பாய் எதையும் மறைக்கவில்லை. அன்றைக்குச் செம்மறி, வெள்ளாடு இரண்டும் அறுத்தாராம். செம்மறிக் கறி ஏழைபாழைகள் வாங்குவது, டாக்டர் வீட்டுக்கு அதையா கொடுப்பது என்று, மரியாதைக்காக வெள்ளாட்டு ரத்தத்தை அனுப்பியிருக்கிறார். செம்மறிதான் வேண்டும், வெள்ளாட்டு ரத்தத்தில் சோதனை தப்பாகிவிடும் என்று அறிவியல் காரணங்களோடு விளக்கினேன். கத்தியைத் தீட்டிக்கொண்டே பொறுமையாகக் கேட்டார்.

"நல்ல சரக்கைக் கொடுத்தா தப்பா வருதுன்னா, கோளாறு ஒங்க சோதனையிலல்லா இருக்கு?"

தேட வந்தவர்கள்

செம்மறி ரத்தத்தில் ராஜத்தின் குழாய் நன்றாகவே திரண்டது. டாக்டர் அவள் முழங்காலிலிருந்து கொஞ்சம் நீர் எடுத்தார். நல்ல மூட்டின் நீர் விளக்கெண்ணெய்போல இழையும். இவளுடையது கழுநீர்போலக் கலங்கி நீர்த்திருந்தது. மைக்ராஸ்கோப்பில் வெள்ளை அணுக்கள் தாதர் ஸ்டேஷன் கூட்டம்போல நெருக்கியடித்தன. சிலவற்றின் வயிற்றில் எதையோ விழுங்கிய கறுப்புப் புள்ளிகள். இடையிடையே லிம்போசைட் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்களும் தெரிந்தன. அவை எதற்காக இருக்கின்றன என்று புத்தகங்கள் அப்போதுதான் தயங்கித் தயங்கி எழுதத் தொடங்கியிருந்தன. கிருமி ஒன்றுகூட இல்லை.

அதென்ன என்று ராஜம் கேட்டாள். கிருமியைப் பிடிக்க வேண்டிய காவலர்கள், இல்லாத கிருமியைத் தேடி மூட்டுக்குள் வந்து, கண்டதை விழுங்கி, தங்கள் ஜீரண நீரையும் குருத்தெலும்பின் மேல் சிந்துகிறார்கள் என்றேன். அவளுக்கு உடனே புரிந்தது. ஒருமுறை சாராயம் தேடி வந்த போலீஸ் வீடு மாறி அவர்கள் வீட்டில் நுழைந்து, ஒன்றும் கிடைக்காமல் தண்ணீர்ப் பானை, ஊறுகாய் ஜாடி எல்லாவற்றையும் உடைத்துவிட்டுப் போயிற்றாம். ஏறக்குறைய அதேதான், ஆனால் இவர்கள் திரும்பிப் போக மாட்டார்கள் என்று திருத்தினேன். திருத்தாமல் இருக்க எனக்கு வராது. அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள்.

"பானைன்னா அன்னிக்கே புதுசு வாங்கிட்டோம் சார். இதுக்கு எங்க போறது?"

கார்பன் காப்பி

காது ரீங்காரமிடும்வரை ஆஸ்பிரின் அளவைக் கூட்டிக்கொண்டே போகச் சொன்னார் டாக்டர்; அன்றைக்கு வைத்தியம் அதுதான். ரிப்போர்ட்டைக் கம்பெனி டாக்டரிடம் காட்ட வேண்டாம் என்று அம்மா கெஞ்சியிருக்கிறார். ராஜம் கேட்கவில்லை. பின்னால் தெரிந்தால் இருக்கிற வேலையும் போய்விடும் என்பது அவள் வாதம்.

பிறகு நடந்தது அவளே சொன்னது. பத்து மணிக்கு வரச்சொன்ன கம்பெனி டாக்டர், வழக்கம்போல டிபன் முடித்து இரண்டு மணிக்குத்தான் வந்தார். அதற்குள் விரல்கள் இளகியிருந்தன. கண், நெஞ்சு, எடை, சிறுநீர் எல்லாம் பார்த்தார். டைப்பிஸ்டின் விரலைப் பார்க்க வேண்டும் என்று அவருடைய விதிகளில் இல்லை. ராஜமே எங்கள் ரிப்போர்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். படித்தார். பிறகு மூலையிலிருந்த பழைய மெஷினைக் காட்டி, அவளுடைய தகுதிச் சான்றிதழை அவளையே அடிக்கச் சொன்னார், கார்பன் வைத்து மூன்று காப்பி. கார்பன் வைத்தால் ஓங்கித்தான் அடிக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாளாம். ஒரு பிழையும் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து இதேபோல அடித்துக் காட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு வந்தபோது, கையை நீட்டிக்கொண்டே சொன்னாள்:

"நான் ஃபிட்னு என்னால அடிக்க முடியறவரைக்கும் நான் ஃபிட்டாம் சார்."

வெள்ளை அணுக்களை எண்ணியே என் சர்வீஸ் முடிந்தது. அவை யாரை எவ்வளவு காலம் வேலை பார்க்க விடும் என்று எண்ணிச் சொல்லும் கருவி மட்டும் கடைசிவரை எங்கள் கூடத்துக்கு வந்து சேரவில்லை.