எட்டக் கோட்டை, கிட்டக் கோட்டை

அவளுக்குக் கோட்டைக்காரி என்று பெயர் வைத்தது நான்தான். எனக்கு அவள் வைத்த பெயர் அவசரம். ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில், கிருமி பரிசோதிக்கும் கூடத்தில், பதினேழு வருடமாக எங்களுக்கு அடுத்தடுத்த நாற்காலி.

நோயாளியின் சீழில் கிடைத்த கிருமியைத் தட்டில் பரப்பி, மருந்து தோய்ந்த பொட்டளவு காகித வட்டங்களை மேலே வைப்போம். மறுநாள் தட்டு முழுக்கக் கிருமி படர்ந்திருக்கும். மருந்து கேட்டால் பொட்டைச் சுற்றி மட்டும் ஒன்றும் முளைக்காமல் ஒரு வளையம் நிற்கும். நிலாவைச் சுற்றி நிற்கும் ஒளிவட்டத்தைக் கோட்டை என்பார்களே, அவள் இதையும் அப்படித்தான் சொல்வாள். "எட்டக் கோட்டை கிட்ட மழை, கிட்டக் கோட்டை எட்ட மழை" என்று முணுமுணுத்தபடி அளப்பாள். வளையம் அகலமென்றால் சீக்கிரம் சுகமாம். மருத்துவம் அப்படிச் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்கிறவளா அவள்?

எந்தத் தட்டையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துத்தான் பார்ப்பாள். காலை வெயில் தட்டுக்குள் புகுந்து அவள் கன்னத்தில் வட்டம் வட்டமாக விழும். டீ ஆறிப்போகும். கூப்பிட்டால் எங்கிருந்தோ திரும்பி வருகிறவள்போல் மெல்லப் பார்ப்பாள்.

போன வருடம் அவள் கணவரின் தட்டு வந்தது. அவர் பஸ் மெக்கானிக். வலது கையில் தகரம் கிழித்த காயம் எலும்புவரை புரையோடிவிட்டது. பழைய மருந்து எதற்கும் அடங்காத, ஸ்டாஃப் என்னும் சீழ்க்கிருமி. புதிய மருந்துகளில் இரண்டுதான் பாக்கி: ஒன்று மாத்திரை, மற்றது நரம்பில் ஏற்றுவது. இரண்டும் கேட்காவிட்டால் விரல்களை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஒருவர் அளந்ததை இன்னொருவர் சரிபார்ப்பது எங்கள் வழக்கம். அன்று நான் முந்திக்கொண்டேன். தட்டை மேசையில் வைத்தபடியே பார்த்தேன். மாத்திரை மருந்தைச் சுற்றி எவ்வளவு பெரிய கோட்டை! எனக்குக் கால் தரையில் பாவவில்லை. உடனே அவளிடம் சொல்லிவிட்டேன். மாத்திரை என்றால் சாயங்காலமே வீட்டுக்குக் கூட்டிப் போகலாம், அவர் கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தலாம், கிறீச்சிடும் கதவை அவரே சரிசெய்வார் என்று அவள் அடுக்கிக்கொண்டே போனாள். மனக்கோட்டைக்குக் கொத்தனாரா வேண்டும்? நானும் கூடச் சேர்ந்து மாடி மேல் மாடி கட்டினேன்.

பேசிக்கொண்டே, பழக்கதோஷத்தில் அவள் கை தட்டை எடுத்து வெளிச்சத்துக்கு உயர்த்தியது. தட்டை இன்னும் கண்ணருகே கொண்டுபோனாள்.

கோட்டைக்குள், கண்ணாடியில் விட்ட மூச்சுபோல, லேசான ஒரு படலம். அந்த மருந்தின் வளையத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துத்தான் படிக்க வேண்டும், மங்கலாக முளைத்த கிருமி அப்போதுதான் தெரியும். எனக்கும் தெரியும். அவளுக்கு நல்ல சேதி சொல்லும் ஆசையில் கோட்டை விட்டது நான்தான்.

"நல்லாப் பாரு, ஈரமா இருக்கும்," என்றேன்.

"உள்ள ஆள் இருக்குடி."

மாத்திரை கேட்காது என்று அவளே எழுதினாள். எழுத்து கோணவில்லை. பிறகு இரண்டாவது மருந்தைப் பார்த்தாள். குறுகிய வளையம், தேவையான அளவைவிட இரண்டே மில்லிமீட்டர் கூடுதல். தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கிட்டக் கோட்டைதான். ஆனா உள்ள யாரும் இல்ல."

எட்ட மழை. ஆறு வாரம் நரம்பில் மருந்து ஏறியது. வேலை முடிந்ததும் அவர் கட்டிலருகே உட்கார்ந்து, சொட்டுகளைப் பார்த்தபடியே இருப்பாள். நான் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் திட்டவே இல்லை.

கட்டுப் பிரித்த அன்று அவர் மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தார். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வளைத்தார். முதல் தடவை சேரவில்லை. இரண்டாம் தடவை நுனியும் நுனியும் தொட்டன. அந்த வட்டத்தின் வழியே அவளைப் பார்த்து, "கோட்டை எப்படி?" என்றார்.

அவள் அந்தக் கையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு உயர்த்தினாள். நானும் அன்று அவசரப்படவில்லை, அவள் படித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

"உள்ள யாரும் இல்ல," என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள்.