வெர்திக்கியோவும் மீன் சொதியும்

எழுபதுகளின் நடுவில் மெல்பேணின் வடபுறத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நான் ஆஸ்பத்திரியில் தாதி, கணவர் எஞ்சினியர். பக்கத்து வீட்டில் ஓர் இத்தாலியத் தம்பதி. அவர் கார் தொழிற்சாலையில் வேலை செய்தார், மனைவி வீட்டிலிருந்து உடுப்புத் தைத்துக் கொடுத்தார். இருவரும் அட்ரியாட்டிக் கடலோரத்து ஊர்க்காரர்.

அங்கே எங்கள் முதல் கிறிஸ்மஸுக்கு அவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டேன். இடுப்பு ஒடுங்கிய பச்சைப் போத்தல் ஒன்றோடு வந்தார்கள். அவர்கள் ஊர் வெள்ளை வைன்; பெயர் வெர்திக்கியோ. எனக்கும் கொஞ்சம் ஊற்றினார்கள். முதலில் எலுமிச்சைப் புளிப்பு. விழுங்கிய பிறகு பாதாம் தோலைக் கடித்தாற்போல் மெல்லிய கசப்பு. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என் நண்டுக் குழம்பு ஒரு வாய் போனதும் அது வெறும் தகரத் தண்ணீராகிவிட்டது.

அந்த இத்தாலிய அம்மா உறைப்பில் கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "உங்கள் நண்டு என் வைனைக் கொன்றுவிட்டது!"

பிறகு சொன்னார்: பொரித்த சின்ன மீன், கணவாய், தக்காளி போடாத மீன் சூப், பெருஞ்சீரகம் போட்டு வாட்டிய முயல், இவைதான் அதற்குத் தோது. உறைப்பு மட்டும் ஆகவே ஆகாது.

அடுத்த குளிர்காலத்தில் அந்த அம்மாவுக்கு வயிற்றில் ஒப்பரேஷன் நடந்தது. வீட்டுக்கு வந்தும் சாப்பாடு இறங்கவில்லை. அவர் கணவர் வேலையால் வந்து சமைப்பார். தட்டு அப்படியே திரும்பும். ஒருநாள் வேலிக்கு மேலால் என்னைக் கூப்பிட்டார்.

"சினோரா, நீங்கள் நர்ஸ். சொல்லுங்கள், நான் என்ன செய்ய? கட்டிலில் என் மனைவி ஒவ்வொரு நாளும் சின்னதாகிக்கொண்டே போகிறாள்."

கன்னம் மழிக்காமல், சட்டைப் பொத்தான் மாறிப் போட்டபடி நின்றார். அவர்கள் வீட்டுக்குள் போய் அந்த அம்மாவின் பக்கத்தில் இருந்து, எதைத் தின்ன ஆசை என்று கேட்டேன்.

"என் அம்மாவின் மீன் சூப். அதோடு ஒரு வாய் வெர்திக்கியோ." சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தச் சூப் எனக்குத் தெரியாது. தெரிந்தது எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் சொதிதான். குசினியில் உலர்ந்த தேங்காய்ப்பூவைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டுப் பால் பிழிந்தபோது என் கணவர் எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, வருத்தக்காரிக்குச் சொதியோ?"

"ஓம். பச்சை மிளகாய் போடேல்ல. மஞ்சளும் வெந்தயமும் மட்டுந்தான்."

"அவ வைனும் கேட்டவ எண்டாய்?"

"டொக்டரிட்டக் கேட்டனான். ஒரு மிடறு குடிக்கலாமாம்."

முள்ளில்லாத மீன் துண்டுகளைப் போட்டு, இறக்கியபின் தேசிக்காய்ப் புளி விட்டேன். பக்கத்து வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனபோது அந்த அம்மாவின் கணவர் போத்தலைத் திறந்து வைத்திருந்தார். அந்த அம்மா ஒரு கரண்டி வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். பிறகு வைனை உதட்டில் நனைத்தார். இன்னொரு கரண்டி.

"இது என் அம்மாவுடையது இல்லை," என்றார். "ஆனால் இதற்கும் வைனுக்கும் சண்டை இல்லை."

கிண்ணத்தில் பாதி முடிந்தது. அவர் கணவர் கதவுக்கு வெளியே போய் நின்று அழுதார். கேட்காத மாதிரி நானும் அந்த அம்மாவும் இருந்தோம்.

அதன்பின் ஒரு கிழமை தினமும் சொதிதான் கொண்டுபோனேன். பிறகு பாண், முட்டை, கோழி என்று மெல்ல மெல்லச் சாப்பாடு திரும்பியது. வசந்தம் தொடங்கியபோது அந்த அம்மாவே எங்கள் பின்கதவைத் தட்டினார். உடம்பு மெலிந்துதான் இருந்தது. கையில் பொரித்த கணவாய்த் தட்டு, சூடு ஆறாமல்.

என் கணவர் ஒரு கணவாய் வளையத்தை எடுத்து வாயில் போட்டார். "கொஞ்சம் மிளகாய்த்தூள் தூவினா இன்னும் நல்லாயிருக்கும்," என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார். நான் அவர் காலை மிதித்தேன்.