ஜன்னலைப் பார்த்துப் போட்ட மேசை

அவர் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவர். முன்னறையில் பவர் பார்க்கும் பெண் எழுதித் தரும் சீட்டுப்படி லென்ஸை வெட்டி, ஓரம் தேய்த்து, ஃபிரேமில் பொருத்துவார். இருபத்தாறு வருடமாக இதே வேலை. முடித்ததும் ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்ப்பார். அப்போதுதான் கீறல் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாடிப்படிகளைப் படம் எடுப்பார். அலுவலகப் படிகள், அடுக்குமாடிப் படிகள், பூட்டிக் கிடக்கும் தியேட்டரின் படிகள். படங்களில் ஆட்கள் இருக்க மாட்டார்கள். வெளிச்சம் எந்தப் படிவரை இறங்கி வந்து நிற்கிறது என்பது மட்டும்தான் அவருக்கு விஷயம். "ஏறவும் மாட்டாரு, இறங்கவும் மாட்டாரு, நின்னு பாத்துட்டு வந்துடுவாரு" என்பாள் மனைவி.

மூன்று மாதம் முன்பு வீடு மாறினார்கள். அதற்குப் பிறகு பிரிண்ட் போட்ட படமெல்லாம் இருட்டாக வந்தது. தியேட்டர் படிகள் ஏழு. பிரிண்டில் மூன்றுதான் இருந்தன, மிச்சம் கறுப்பு. கம்ப்யூட்டரில் ஏழும் தெரிந்தன.

"நீங்க அனுப்புனதைத்தான் சார் போட்டேன். நான் என்ன படியைத் தின்னுட்டேனா?" என்றார் பிரிண்ட் போடும் லேப்காரர்.

லென்ஸ் தேய்ப்பவருக்கு வேறொரு பயம் இருந்தது. புது வீட்டில் கம்ப்யூட்டர் திரை மங்கலாகத் தெரிந்ததால் அதன் வெளிச்சத்தை வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனார். இப்போது ஏற்ற இடமில்லை. கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்கள் இதைத்தான் சொல்வார்கள்: "விளக்கு எல்லாம் பழசாயிடுச்சு போல, வெளிச்சமே பத்தல." பவர் பார்க்கும் பெண் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கண்ணில் புரை என்று ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பாள். லென்ஸ் தேய்ப்பவனுக்குக் கண் மங்கினால் பின்னறையில் என்ன வேலை? அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாதவரை அது புரையில்லை.

மனைவியின் தம்பி பிரிண்டைப் பார்த்ததும் காரணம் சொல்லிவிட்டான். அவன் வாங்கிய எதையும் ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருப்பவன் இல்லை. வீட்டில் அவனுக்கு அப்டேட் என்று பெயர்.

"சாஃப்ட்வேர் மாமா. உங்களுது ஏழு வருஷப் பழசு. அதுக்குப் பல்லே விழ ஆரம்பிச்சிருக்கும். புதுசுல ஒரு பட்டன் இருக்கு, இருட்டுல இருக்குறதை அதுவே தூக்கிக் காட்டும்."

அந்தப் பேச்சு அவருக்குப் பிடித்திருந்தது. தப்பு சாஃப்ட்வேருடையது என்றால் கண் தப்பித்தது. சரி, மாற்றிவிடலாம் என்றார்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அப்டேட் வந்து உட்கார்ந்தான். இறக்க வேண்டியதை இறக்கி முடித்ததும் திரையில் ஒரு பெட்டி வந்தது. உங்கள் படத் தொகுப்பு புதிய வடிவத்துக்கு மாற்றப்படும், மாற்றியபின் பழையதில் திறக்க முடியாது, தொடரலாமா?

ஏழு வருடத் திருத்தங்கள் அந்தத் தொகுப்பில் இருந்தன. எந்தப் படியை எவ்வளவு வெளிச்சமாக்கினார், எந்த மூலையை இருட்டிலேயே விட்டார் என்பதெல்லாம் அதில்தான்.

"திரும்பி வரவே முடியாதா மச்சான்?"

"எதுக்கு மாமா திரும்பி வரணும்? வித்த வண்டிக்கா பெட்ரோல் போடுவீங்க? அமுக்குங்க."

அவர் விரலை மவுஸ்மேல் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். அமுக்கியும் படம் இருட்டாகவே வந்தால், அப்புறம் குற்றம் சொல்ல கண்ணைத் தவிர எதுவும் மிச்சம் இருக்காது.

மனைவி துணி மடிக்க இடம் தேடி உள்ளே வந்தாள். "மூஞ்சியில வெயில் அடிக்குது, ரெண்டு பேரும் எப்படித்தான் உட்காந்திருக்கீங்களோ" என்று ஜன்னல் திரைச்சீலையை இழுத்து மூடினாள். அறை இருண்டது. மானிட்டர் பளீரென்று அடித்தது. மூன்று பேருமே கண்ணைச் சுருக்கினார்கள்.

"என்னங்க இது, வெல்டிங் கடை மாதிரி!"

அவர் பிரிண்டை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். திரையின் வெளிச்சத்தைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். கால்வாசிக்கு வந்தபோது திரையிலும் மூன்று படிகள்தான் இருந்தன. பிரிண்ட் சரியாகத்தான் வந்திருந்தது. ஜன்னல் வெயிலோடு போட்டி போட்டுத் திரையின் வெளிச்சத்தை ஏற்றிக்கொண்டே போய், அந்தப் பளபளப்பை நம்பி அவர்தான் படங்களை இருட்டாக்கியிருக்கிறார்.

"மேசையை யாரு ஜன்னலைப் பாத்துப் போட்டது?"

"நல்லா கேட்டீங்க. சாமான் இறக்கினவங்ககிட்ட நின்னு நின்னு சொன்னது நீங்கதான். வெளிச்சத்துக்கு எதிரே போடு, அப்பத்தான் தெரியும்னு."

லென்ஸைப் பார்க்கிற மாதிரியே மானிட்டரையும் வைத்திருக்கிறார். அவர் சிரித்தார். சிரிப்பு கொஞ்சம் நீளமாகப் போனதால் மனைவி மடித்த துணியைக் கீழே வைத்தாள்.

"என்ன ஆச்சு உங்களுக்கு?"

"ஒண்ணுமில்ல. கண்ணு போச்சோன்னு நெனச்சிட்டு இருந்தேன்."

"எத்தனை நாளா?"

"மூணு மாசம்."

"கண்ணாடிக் கடையில உட்காந்துக்கிட்டா? முன்னறைக்குப் பத்தடி இருக்குமா?"

"எட்டு" என்றார்.

"நாளைக்கு அந்த எட்டடியை நடங்க." அவள் சிரிக்கவில்லை.

அப்டேட் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப இது மாமா?" அவர் 'பிறகு' என்பதை அமுக்கினார். பெட்டி போய்விட்டது. "ஒரு திரைச்சீலைகிட்ட தோத்துட்டேன்" என்று அவன் எழுந்து வந்து மேசையின் ஒரு முனையைப் பிடித்தான். மேசையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டார்கள். பிறகு அவர் பழைய சாஃப்ட்வேரிலேயே தியேட்டர் படிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சமாக்கினார். நான்காவது வந்தது, ஐந்தாவது வந்தது. இப்படி இன்னும் முப்பத்தெட்டுப் படங்கள் இருந்தன. அதற்காக வருத்தப்படக்கூட அன்று அவருக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை முன்னறை நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"என்னண்ணே, வழி தவறி வந்துட்டீங்களா?" என்றாள் பவர் பார்க்கும் பெண். டார்ச் அடித்தாள். எழுத்துகளைப் படிக்கச் சொன்னாள். "கடைசி வரியை மனப்பாடமா சொல்லாதீங்க, பாத்துச் சொல்லுங்க."

பார்த்துச் சொன்னார்.

"புரை கிரை ஒண்ணும் இல்ல. கிட்டத்துல படிக்கத்தான் கால் பவர் ஏறியிருக்கு. வயசுண்ணே." சீட்டு எழுதி நீட்டினாள். அவரே உள்ளே எடுத்துப் போய் அவரே தேய்த்துக்கொண்டார்.

புதன்கிழமை லேப்காரர் உறையை நீட்டிவிட்டு அவர் முகத்தையே பார்த்தார். அவர் கவுன்ட்டரில் நின்றபடியே பிரிண்டை எடுத்து, விரல் வைத்து எண்ணினார்.

"என்ன சார், இருக்கா?"

"ஏழும் இருக்கு."