வெறும் தண்ணீரில் ஏறிய நீலம்

கடல் பனிக்கட்டிக்குள் உயிர் இருக்கிறது, அது சாப்பிடுகிறது, பெருகுகிறது என்று சொன்னபோது எங்கள் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் யாரும் நம்பவில்லை. படிக்கப் போனவன் கதை விடுகிறான் என்று சிரித்தார்கள். நம்பிய ஒரே ஆள் என் அண்ணிதான். அவரும் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்த்த பிறகுதான் நம்பினார். அவருக்கு நான் செய்ததை இத்தனை வருடம் வெளியே யாரிடமும் சொன்னதில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

தேயிலை விலை விழுந்து கிடந்த காலம் அது. குன்னூர்ப் பக்கத்தில் எங்கள் எஸ்டேட் ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள் ஓடினாலே பெரிய விஷயம். முதலில் உரம் போடுவதை நிறுத்தினார்கள். அப்புறம் செடிகளைக் கவாத்து வெட்டுவதை நிறுத்தினார்கள். கடைசியில் ஆட்களையும் நிறுத்தினார்கள். அண்ணன் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்கு இறங்கிப் போனான். அண்ணி மட்டும் அசையவில்லை. மகள் அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். அவள் பன்னிரண்டாவது முடிக்கும் வரை மலையை விட்டு இறங்க மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றார். கீழே போனால் பிள்ளையையும் கம்பெனியில் கோர்த்துவிடுவார்கள் என்ற பயம். பயந்ததில் தப்பே இல்லை, எங்கள் லைனிலிருந்து போன பிள்ளைகள் எல்லோருக்கும் அதுதான் நடந்திருந்தது.

எனக்கு அம்மா இல்லாமல் போன பிறகு சோறு போட்டு வளர்த்தவர் இந்த அண்ணி. சிலோனில் ஏதோ ஒரு தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதில் கப்பலேறி வந்தவர். கடைசி வரை டீ என்று சொல்லமாட்டார், தேத்தண்ணிதான். அவருக்கு ஒரு வேலை கிடைத்தால் மகளோடு மலையிலேயே இருந்துவிடலாம் என்று நான்தான் ஓடியாடி ஒரு வேலை பிடித்துக் கொடுத்தேன். ஊட்டியில் நான் ஆராய்ச்சி மாணவனாக இருந்த கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பாட்டில் கழுவும் தினக்கூலி வேலை. அந்தப் பெருமையை நானே பத்து பேரிடம் சொல்லிக்கொண்டேன்.

எங்கள் மேடம் கோயம்புத்தூர்க்காரர். ஒரு முறை கப்பலில் தென்துருவக் கடல் வரைக்கும் போய், பனிக்கட்டியிலிருந்து எடுத்த பாசியை உயிரோடு குடுவைகளில் கொண்டுவந்திருந்தார். ஊட்டிக் குளிரில் குளிர்பெட்டிக்குப் பாதி வேலை மிச்சம் என்பார். கடல் உறையும்போது உப்பு உறைவதில்லை. அது பனிக்கட்டிக்குள் முடி மாதிரி மெல்லிய ஓடைகளில் ஒதுங்கி நிற்கிறது. உப்பு கூடிய அந்தத் தண்ணீர் எந்தக் குளிரிலும் லேசில் உறையாது. அந்த ஓடைகளின் சுவரில் ஒட்டிக்கொண்டுதான் பாசி வாழ்கிறது. கீழே இருக்கும் கடலிலிருந்து கசிந்து வரும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சிலிக்காவும்தான் அதற்குச் சாப்பாடு. வருவது நின்றால் உள்ளே இருப்பதைத் தின்று தீர்த்துவிட்டு, அடுத்த கசிவு வரும் வரை காத்துக் கிடக்கும்.

இதையெல்லாம் ஒரு மதியம் அண்ணிக்கு விளக்கி மைக்ரோஸ்கோப்பில் காட்டினேன். பனிக்கட்டியை வெட்டியெடுத்த போட்டோவையும் காட்டினேன். மேலே வெள்ளையாக இருந்த கட்டியின் அடிப்பக்கம் பழுப்பாக இருந்தது. சாயம் இறங்கின தேத்தண்ணி நிறம் என்றார் அண்ணி. அப்புறம் ரொம்ப நேரம் லென்ஸை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இந்த இருட்டிலும் குளிரிலும் பாவம் எப்படிப் பிழைக்கிறதோ என்றார். அன்றிலிருந்து காலையில் வந்ததும் பாசிங்க சௌக்கியமா என்று கேட்டுவிட்டுத்தான் ஏப்ரனைக் கட்டுவார்.

நான் செய்ய வேண்டிய சோதனை லேசானது. பாசி இருக்கும் பாட்டிலில் தெரிந்த அளவு நைட்ரேட் போட வேண்டும். தினமும் கொஞ்சம் தண்ணீர் எடுத்து மருந்து கலந்தால் ரோஸ் நிறம் வரும். நைட்ரேட் அதிகமிருந்தால் நிறம் அடர்த்தியாக இருக்கும். பாசி தின்னத் தின்ன ரோஸ் வெளுத்துக்கொண்டே போக வேண்டும். இதற்குப் பாட்டில் அப்பழுக்கில்லாமல் இருக்க வேண்டும். சோப்பில் ஒரு முறை, ஆசிட்டில் ஒரு முறை, காய்ச்சி வடித்த தண்ணீரில் ஐந்து முறை. அண்ணி ஐந்து சொன்னால் ஆறு அலசுவார். கொழுந்துக் கூடையில் ஒரு முற்றின இலை கிடந்தாலும் கங்காணியிடம் திட்டு வாங்கிய கை அது.

பாட்டில் கழுவியாகிவிடும், ஆனால் காயாது. ஊட்டி மழைக்காலத்தில் சுவரே ஈரமாக நிற்கும். மூடி வைக்கப் பெரிய துணியும் இல்லை. அப்போதுதான் எனக்கு அந்த அருமையான யோசனை வந்தது. எங்கள் லைனில் உரச்சாக்கு இல்லாமல் ஒரு காரியமும் நடக்காது. பிரித்துத் தரையில் விரிப்போம், ஜன்னலுக்குத் தொங்கவிடுவோம், மழைக்குத் தலையில் போட்டுக்கொள்வோம், கொழுந்து எடுக்கும் பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள். வீட்டில் கிடந்த வெள்ளைச் சாக்குகள் இரண்டைப் பிரித்து, ஓடையில் அலசிக் காயவைத்துக் கொண்டுவந்தேன். ஒன்றைத் தட்டில் விரித்து அதன்மேல் பாட்டில்களைக் கவிழ்த்தேன், இன்னொன்றால் மூடினேன்.

அண்ணி குனிந்து முகர்ந்து பார்த்தார்.

"தம்பி, இது உரச்சாக்கு வாடை அடிக்குதே. இதுல வச்சா பரவால்லையா?"

"ரெண்டு தடவ அலசியாச்சு அண்ணி. உங்க வேலையப் பாருங்க."

அப்படித்தான் சொன்னேன். எம்.எஸ்ஸி. படித்த வாய் அல்லவா, வேறு எப்படிப் பேசும்.

சோதனை ஆரம்பித்துப் பத்து நாள் ஆகியும் ரோஸ் வெளுக்கவில்லை. பாசி பெருகியிருப்பது கண்ணுக்கே தெரிந்தது, ஆனால் நைட்ரேட்டைத் தொட்ட மாதிரி இல்லை. அப்படியானால் எதைத் தின்று வளர்ந்தது? மேடம் அமோனியம் இருக்கிறதா பார்க்கச் சொன்னார். அமோனியம் கிடைத்தால் பாசிக்கு அதுதான் லேசான சாப்பாடு, நைட்ரேட்டை ஒதுக்கி வைத்துவிடும். அமோனியத்துக்கு மருந்து கலந்தால் நீலம் வரும். ஒத்துப்பார்க்க ஒரு பாட்டிலில் வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றி வைத்தோம். அதில் நிறமே வரக்கூடாது. அந்த வெறும் தண்ணீரும் நீலமாகிவிட்டது.

தண்ணீரையும் மருந்தையும் மாற்றிப் பார்த்தோம், அப்போதும் நீலம்தான். தண்ணீரில் இல்லை, மருந்தில் இல்லை, அப்படியானால் பாட்டிலில்தான் அழுக்கு என்றார் மேடம். அண்ணியைக் கூப்பிட்டார். கோபப்படவில்லை, மரியாதையாகத்தான் கேட்டார். அண்ணி ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே சோப்பு, ஆசிட், ஆறு தண்ணீர் என்று வரிசையாகச் சொன்னார். அப்புறம் காயவைத்தது எப்படி என்று மேடம் கேட்டபோது என்னைப் பார்த்தார்.

அந்த நிமிஷமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அமோனியம் சல்பேட் சாக்கு. தேயிலைக்குப் போடும் உரம். எங்கள் தோட்டத்துச் செடிகளுக்கு வருடக்கணக்கில் கிடைக்காத உரத்தைத் துருவத்துப் பாசிக்கு நான் ஊட்டியிருக்கிறேன். அதற்கு முந்தின மாதம்தான் ஒரு குடுவையை உடைத்து மேடத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். இன்னொரு தப்பு என்றால் ஆராய்ச்சியிலிருந்தே அனுப்பிவிடுவார் என்று தோன்றியது. தோன்றிய வேகத்தில் வாய் திறந்துகொண்டது.

"கடைசித் தண்ணீல சரியா அலசலையோ என்னவோ மேடம்."

அண்ணி என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தார். சாக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"பரவால்லீங்க," என்றார் மேடம். "ஆனா இந்த வேலைக்கு நாங்க வேற ஆளப் பாத்துக்கறோமுங்க."

ஏப்ரனை மடித்து ஆணியில் மாட்டிவிட்டு அண்ணி கிளம்பினார். ஆய்வுக்கூடத்து ஜன்னலிலிருந்து பார்த்தால் கல்லூரி வாசலும் எதிரே பஸ் ஸ்டாப்பும் தெரியும். மழை தூறிக்கொண்டிருந்தது. குன்னூர் பஸ் வந்தது, அவர் ஏறவில்லை. கூட்டமாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த பஸ்ஸும் வந்தது, அதிலும் ஏறவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றார். மூன்றாவது பஸ்ஸில்தான் போனார். அவ்வளவு நேரமும் கல்லுளிமங்கன் மாதிரி ஜன்னலோரம் நின்றேனே தவிர, படியிறங்கவில்லை.

இதைவிடக் கேவலம் அடுத்த வாரம் நடந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் சாக்குகளைச் சுருட்டி வெளியே போட்டேன். தட்டில் வடிதாள் விரித்தேன். புது ஆள் பாட்டில் கழுவினார், நாலு தண்ணீர்தான் அலசினார். வெறும் தண்ணீர் நிறமில்லாமல் நின்றது. மேடம் அந்தப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கை மாறினதும் எல்லாம் சரியாகிவிட்டது பார்த்தாயா என்றார். நான் தலையாட்டினேன். அண்ணி மேல் நான் போட்ட பழிக்குச் சோதனையே சாட்சி சொல்வது போலாகிவிட்டது, அந்தச் சாட்சியையும் நானே தயார் பண்ணியிருந்தேன். அதற்கப்புறம் ரோஸ் நாளுக்கு நாள் அழகாக வெளுத்தது. பாசி ஒழுங்காக நைட்ரேட்டைத் தின்றது. எனக்குப் பட்டம் கிடைத்தது.

நான் சில வாரம் ஊருக்கே போகாமல் ஹாஸ்டலில் பதுங்கிக் கிடந்தேன். போனபோது லைன் வீட்டில் பூட்டு தொங்கியது. பள்ளிக்கூடம் பாதியில் இருக்கும்போதே அண்ணன் வந்து இருவரையும் திருப்பூருக்கு அழைத்துப் போய்விட்டானாம். பிள்ளையை பனியன் கம்பெனியில் தைத்த துணியில் பழுது பார்க்கும் செக்கிங் பிரிவில் சேர்த்துவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அவளுக்குப் பதினைந்து வயது.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை திருப்பூர் போயிருக்கிறேன். போகும்போதெல்லாம் பழம், துணி என்று கை நிறைய வாங்கிப் போவேன். சொல்லத்தான் முடியாது. அண்ணியும் ஒவ்வொரு தடவையும் பாசிங்க சௌக்கியமா தம்பி என்று கேட்பார், குத்தலே இல்லாமல் கேட்பார். போன தை மாதம் போயிருந்தேன். மகளுக்கே இப்போது இரண்டு பிள்ளைகள், இன்னும் அதே செக்கிங் வேலைதான், ஷிஃப்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் நானும் அண்ணியும்தான். அவர் தேத்தண்ணி வடிகட்டிக்கொண்டிருந்தபோது, அந்தப் பாட்டில் அழுக்கு உங்கள் கையில் இல்லை, என் சாக்கில்தான் இருந்தது, அன்றைக்கே எனக்குத் தெரியும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அவர் வடிகட்டுவதை நிறுத்தவில்லை. டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"எனக்குந் தெரியும் தம்பி. எத்தன வருசம் அந்தச் சாக்க இடுப்புல கட்டியிருக்கேன்."

பிறகு ஏன் மேடத்திடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க வந்து சொல்லுவீங்கன்னு நெனச்சேன்," என்றார் அண்ணி. "அதுக்குத்தானே ரெண்டு பஸ்ஸ விட்டேன்."