மியூசியத்தில் பூ கேட்ட நாள்

எங்கள் பக்கத்துக்காரர்கள் பெங்களூருக்குப் போனால் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், இல்லாவிட்டால் கல்யாணத் துணி எடுக்கப் போவார்கள். சுற்றிப் பார்க்கப் போனேன் என்று எவளாவது சொன்னால் வேலை வெட்டி இல்லாதவள் என்ற பெயர்தான் கிடைக்கும். நான் முதன்முதலில் பெங்களூரைச் சுற்றிப் பார்த்ததும் ஆஸ்பத்திரி புண்ணியத்தில்தான்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என் வீட்டுக்காரருக்கு மத்திகிரி மாட்டுப் பண்ணையில் வேலை. அங்கேயே வாடகை வீட்டில் இருந்தோம். அவருடைய அம்மா, என் மாமியார், தேன்கனிக்கோட்டையைத் தாண்டிக் காட்டோரத்துக் கிராமத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். யானை வந்து கேழ்வரகை மிதித்தால் யானையைத் திட்டுவார், வராவிட்டால் மழையைத் திட்டுவார். பயந்த சுபாவம் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் அவருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. ஊர் ஊராகச் சுற்றும் வைத்தியன் ஒருவன் புரையைத் தள்ளிவிடுகிறேன் என்று ஊசியால் குத்தி, ஒரு கண்ணை ஒரேயடியாகக் கெடுத்துவிட்டுப் போயிருந்தான். மிச்சமிருந்த கண்ணிலும் புரை. வெளிச்சம் தெரியும், ஆள் நிழலாகத் தெரியும், அவ்வளவுதான். பெண் பார்க்க வந்தபோதே அவருக்கு என் முகம் சரியாகத் தெரிந்திருக்காது. குரலைக் கேட்டுத்தான் என்னைப் பிடித்தது என்று பிறகு சொன்னார்.

பெங்களூர் கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒளிவு மறைவில்லாமல் பேசினார். அறுத்தால் பார்வை வரலாம், வராமலும் போகலாம். அறுக்காவிட்டால் நிச்சயம் போய்விடும். படுக்கை இரண்டு நாள் கழித்துத்தான் காலியாகும், அன்றைக்கு வராவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும் என்றார். மார்க்கெட் பக்கத்தில் ஒரு சத்திரத்தில் தங்கினோம்.

காலையில் குழாயடியில் வீட்டுக்காரர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "சும்மா உக்காந்துக்கினு என்னா பண்றது? லால்பாக் பாத்துட்டு வரலாம். அம்மாவுக்கு இப்பத் தெரியறதையாச்சும் காட்டிரலாம்."

அவர் எதற்குப் பயந்தார் என்று எனக்குப் புரிந்தது. ஆனாலும் உள்ளுக்குள் எனக்கு ஒரே சந்தோஷம். அந்த வயசு அப்படி.

லால்பாக்கில் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஒவ்வொரு மரத்தையும் தடவிப் பார்த்து, காய்க்குமா என்று கேட்டார். பாதிக்கு மேல் காய்க்காத மரங்கள். "இத்தன மண்ணு, இத்தன தண்ணி. ஒரு பாத்தி கொத்தமல்லி போடத் தோணல பாரு இவுங்களுக்கு" என்று மகனிடம் குறைப்பட்டார். கண்ணாடி மாளிகைக்குள் போனதும் மட்டும் பேச்சு நின்றது. முகத்தை மேலே தூக்கி, அந்த ஒற்றைக் கண்ணை அகலத் திறந்துகொண்டு நின்றார். "வெளிச்சமா இருக்குது கண்ணு. வூடு பூரா வெளிச்சம்" என்றார். நான் பூக்களின் நிறத்தை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அதற்காகவே பிறந்தவள் மாதிரி எனக்கு அன்றைக்கு வாய் ஓயவில்லை.

புல்லில் உட்கார்ந்து புளிச்சோறு தின்று முடித்த பிறகு அத்தை நிதானமாகச் சொன்னார். "நான் அறுத்துக்கறதா இல்ல."

வீட்டுக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. காரணம் கேட்டால், பூ கேட்காமல் வந்துவிட்டோம் என்றார்.

எங்கள் பக்கத்தில் நிலத்து ஓரங்களில் வீரனைச் செதுக்கிய பழைய கற்கள் நிற்கும். அவற்றை வேடியப்பன் என்று கும்பிடுவோம். பெரிய காரியம் எதுவானாலும் கல்லின் இரண்டு தோளிலும் நனைத்த பூவை ஒட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். கும்பிடுகிறவருக்கு வலது பக்கத்துப் பூ முதலில் விழுந்தால் உத்தரவு. இடது பக்கம் விழுந்தால் காரியத்தை விட்டுவிட வேண்டியதுதான். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று மகன் அவசரப்படுத்தியதில் அத்தை பூ கேட்காமலே கிளம்பிவிட்டார். அந்த ஊசி வைத்தியனிடம் கண்ணைக் காட்டியதும் பூ கேட்காமல்தானாம்.

"இங்க இல்லாத கோயிலா? வா, எதுலயாவது கேட்டுரலாம்" என்றார் வீட்டுக்காரர்.

"இந்த ஊரு சாமிக்கு என்னை யாருன்னு தெரியும்?" என்றார் அத்தை. ஊருக்குப் போய்ப் பூ கேட்டுவிட்டுத் திரும்பினால் படுக்கை போய்விடும். மறுபடி அவரைக் கிளப்பிக்கொண்டு வர முடியும் என்ற நம்பிக்கை எங்கள் இரண்டு பேருக்குமே இல்லை.

மறுநாள் வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினார். "ஊருக்குத்தான் போறோமே, மியூசியத்தையாச்சும் பாத்துட்டுப் போலாங்க" என்றேன். அடம் பிடித்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த அடத்தை நினைத்து இன்றைக்கும் என்னை நானே மெச்சிக்கொள்கிறேன்.

கப்பன் பார்க்கை ஒட்டிய சிவப்புக் கட்டடம். உள்ளே பழைய நாணயம், பானை, கத்தி, கேடயம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைத் தொட்டுப் பார்க்க முடியாததால் அத்தைக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை. தாழ்வாரத்துக்கு வந்தோம். அங்கே வரிசையாகக் கற்கள் நின்றன. அத்தை கை நீட்டி ஒரு கல்லைத் தொட்டார். விரல்கள் மெதுவாக மேலே போயின. ஒரு கால், இடுப்பு, ஓங்கிய கை. சட்டென்று செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

"நம்ம வேடியப்பன் இங்க வந்து நிக்கறாரு பாரு" என்றார். அவர் குரல் நடுங்கியதை அன்றுதான் கேட்டேன்.

காலையில் வாங்கிய சாமந்தியில் இரண்டைத் தலையில் வைக்காமல் முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். கையோடு கொண்டுவந்த செம்புத் தண்ணீரில் நனைத்துக் கல்லின் இரண்டு தோளிலும் ஒட்டிவிட்டுக் கை கூப்பி நின்றார். வீட்டுக்காரர் இங்கேயும் அங்கேயும் பார்த்தார். யாரும் பார்க்கக் கூடாது என்று அவருக்கு. ஆனால் பார்த்துவிட்ட ஒருவர் நேராக எங்களை நோக்கியே வந்துகொண்டிருந்தார்.

காக்கி உடுப்பு, தலைப்பாகை, நரைத்த மீசை. மியூசியக் காவலாளி. "முட்டபாரது" என்றார், தொடக்கூடாது என்று. எனக்குப் பிறந்த வீட்டில் பாதிப் பேச்சு கன்னடம்தான். அவர் பக்கத்தில் போய், கண் விஷயம், ஊசி வைத்தியன், நாளைக்குக் காத்திருக்கும் படுக்கை எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். வலது பக்கத்துப் பூ விழாவிட்டால் இவர் அறுக்கச் சம்மதிக்க மாட்டார் என்றேன். அவர் எங்களை வெளியே துரத்தவில்லை. கல்லுக்குப் பக்கத்தில் போய், சுவரில் முதுகு பட, எங்களைப் பார்த்தபடி நின்றுகொண்டார். வேறு யாரோ அந்தப் பக்கம் வரப் பார்த்தபோது கையைக் காட்டித் தடுத்தார்.

நான்கு பேரும் அந்தப் பூவுக்காக நின்றோம். பிறகு பூ விழுந்தது.

இடது பக்கத்துப் பூ.

நானும் பார்த்தேன், வீட்டுக்காரரும் பார்த்தார். அத்தைக்குத் தெரியவில்லை. "எந்தப் பக்கம் கண்ணு?" என்று என்னைக் கேட்டார். உண்மையைச் சொன்னால் அவர் கண் போச்சு. சாமி விஷயத்தில் பொய் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன்.

"பலகடெ, அம்மா" என்றார் காவலாளி. வலது பக்கம். அத்தைக்கும் அந்த அளவுக்குக் கன்னடம் தெரியும். காவலாளி குனிந்து, விழுந்த பூவை எடுத்து, பிரசாதம் கொடுப்பதுபோல் அத்தையின் உள்ளங்கையில் வைத்தார். அத்தை அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அறுத்த பிறகு தலையை அசைக்கக் கூடாது என்று இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்துப் படுக்கப் போட்டார்கள். யானையைத் திட்டுகிற அத்தை ஒரு வார்த்தை முனகாமல் கிடந்தார். கட்டை அவிழ்த்துக் கனத்த கண்ணாடியை மாட்டிவிட்டபோது எதிரில் நான்தான் நின்றேன். நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

"கருப்புதான்" என்றார். "பரவால்ல, லட்சணமா இருக்கற."

நான் அழுதேன். என்னை யாரும் அதற்கு மேல் புகழ்ந்ததில்லை. அந்தக் கண்ணோடு அவர் நெடுங்காலம் இருந்தார். என் பிள்ளைகளுக்குத் தலை வாரிப் பேன் பார்த்ததும் அந்தக் கண்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்குக் கிளம்பிய நாளன்று அத்தை மியூசியத்துக்குப் போயே ஆக வேண்டும் என்றார். வழியில் இரண்டு சாமந்தி வாங்கிக்கொண்டார். தாழ்வாரத்தில் அதே காவலாளி. அத்தை கல்லுக்கு முன்னால் நின்று கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

"இது வேடியப்பன் இல்லயே. நம்ம சாமி கையில வில்லு இருக்கும். இவரு கத்தி வெச்சிருக்காரு" என்றார்.

வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். அத்தை என் பக்கம் திரும்பினார். "அன்னிக்குப் பூ எங்க வுழுந்துச்சு? காட்டு."

இனி மறைத்து என்ன ஆகப் போகிறது? விழுந்த இடத்தை விரலால் காட்டினேன். அத்தை அந்த இடத்தைப் பார்த்தார். தன் கைகளைப் பார்த்தார். பிறகு அன்றைக்கு நின்ற அதே இடத்தில் சுவரோரமாக எங்களைப் பார்த்து நின்ற காவலாளியை நிமிர்ந்து பார்த்தார்.

ஒரு சாமந்தியைக் கல்லின் காலடியில் வைத்தார். இன்னொன்றைக் காவலாளியின் கையில் கொடுத்துக் கும்பிட்டார். அவர் பதறிப்போய், வேண்டாம் வேண்டாம் என்றபடி பூவை வாங்கிக்கொண்டார்.

படி இறங்கும்போது அத்தை என் கையைப் பிடிக்கவில்லை. தானாகவே இறங்கினார். கடைசிப் படியில் நின்று சொன்னார்.

"அவரு நின்ன எடத்துலருந்து பாத்தா வலதுதான் கண்ணு."